மூன்றாம் ஓலை

1

தூத்துக்குடியில் ஞாயிறு மாலைப் பூசை தொடங்கும்போது இங்கே ரோட்டர்டாமில் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் பங்குக் கோயிலில் யாரோ ஒரு புண்ணியவான் பீடத்துக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பூசை பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. என் மனைவி ரீத்தாவுக்கு இது ஆகாது.

"ஆண்டவரப் பாத்துக்கிட்டே முள்ளு எடுக்கியளே, வெக்கமா இல்லியா?" என்பாள். சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

அந்த ஞாயிறு நான் தட்டோடு உட்காரவில்லை. அன்று என் அக்கா லூர்துவின் ஆண்டு நினைவு நாள். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதில் மார்பகப் புற்றுநோயில் போனவள். ஒவ்வொரு வருடமும் தம்பி தொம்மை கோயிலில் பூசைக்குச் சொல்லிவிடுவான். சாமியார் தொடக்கத்திலேயே, "காலஞ்சென்ற லூர்து அம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று சொல்வார். அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டேன். அதோடு எழுந்து போயிருக்கலாம்.

பூசை முடிவில் ஓலை வாசித்தார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணம் நிச்சயமானால் மணமக்கள் பெயரைத் தாய் தகப்பன் பெயரோடு மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். தாள்தான், ஆனாலும் பெயர் ஓலை. மூன்று ஓலையும் வாசித்து முடிந்த பிறகுதான் தாலி. அன்று வாசித்த முதல் பெயர் லியோன், காலஞ்சென்ற லூர்து அம்மாளின் மகன். இரண்டாவது பெயர் ஜெனிபர், என் தம்பி தொம்மையின் மகள்.

"இவர்களுக்கு இது முதல் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

ரீத்தா என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். ஒரே பூசையில் அக்காவின் பெயரை இரண்டு தடவை வாசித்துவிட்டார்கள், ஒரு தடவை செத்தவளாக, ஒரு தடவை மாப்பிள்ளையின் தாயாக. இந்தக் கல்யாணத்துக்கு முன்னால் தெரிய வேண்டிய ஒன்று எனக்குத் தெரியும். அது தொம்மைக்கும் தெரியும். கல்யாணம் பண்ணப்போகிற இரண்டு பிள்ளைகளுக்கும்தான் தெரியாது.

2

எனக்குத் தெரிந்தது எப்படி என்று சொல்ல வேண்டும். சென்ற குளிர்காலத்தில் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது.

ஆணுக்கு வருமா என்று நீங்கள் கேட்பது இங்கேவரை கேட்கிறது. வரும். அபூர்வமாக வரும். நான் இந்தத் துறைமுகத்தில் கப்பல் வடம் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். கரையை நெருங்கும் கப்பலிலிருந்து இறங்கும் கனத்த வடத்தைப் படகில் வாங்கிக் கொண்டுவந்து கரைத் தூணில் மாட்ட வேண்டும். மிதவைச் சட்டையின் வார் இடது மார்பில் உரசுகிற இடத்தில் ஏதோ நெருடியது. வார்தான் காய்ப்பு ஏற்படுத்திவிட்டது என்று நினைத்து, வாரைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு பல மாதம் வேலை பார்த்தேன். காய்ப்பு இல்லை என்று தெரிந்தபோது அறுத்து எடுக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

வெட்டியதைவிட என்னை அதிகம் களைக்க வைத்தது இந்த நாட்டின் காகிதங்கள். அந்தப் பிரிவின் கணினிக்கு ஆண் என்று ஒரு பிறவி இருப்பதே தெரியாது. வரும் கடிதமெல்லாம் "அன்புள்ள திருமதி" என்றுதான் தொடங்கும். போன் செய்து திருத்தச் சொன்னேன். திருத்திவிட்டோம் என்று உறுதி சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார்கள், அதுவும் திருமதிக்குத்தான். ஒவ்வொரு முறையும் கணினிப் படிவம் நான் கர்ப்பமாக இருக்கிறேனா என்று கேட்கும். பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இல்லை என்று அழுத்தினால், கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்கும். காத்திருக்கும் அறையில் திருமதி என்று என் பெயரைக் கூப்பிட, மீசையோடு நான் எழுந்து நிற்பேன். சுற்றி இருக்கும் பெண்கள் மரியாதையாகக் குனிந்து செல்போனைப் பார்ப்பார்கள். சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மரபணுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் டச்சு மொழி இன்னும் என் வாயில் வழுக்கும். பரம்பரை நோய்ப் பிரிவு எங்கே என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு பரம்பரைச் சொத்துப் பிரிவு எங்கே என்று கேட்டிருக்கிறேன். வரவேற்பில் இருந்த பையன், அதற்கு நீங்கள் வக்கீலிடம் அல்லவா போக வேண்டும் என்றான். ஒரு வகையில் அவன் சொன்னதும் சரிதான்.

அங்கே ஒரு இளம் பெண், ஆலோசகர், என்னை உட்கார வைத்துக் குடும்பத்தைப் படமாக வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்கள் மேல் ஒரு கோடு. எத்தனை அக்கா என்று கேட்டாள். நான் பெரியப்பா மகள்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பாவம், வரிசையாக வட்டம் போட்டுவிட்டுப் பிறகு அழித்தாள். உடன்பிறந்தவள் ஒருத்திதான், லூர்து. அவள் மேல் கோடு. அம்மாவின் மேல் கோடு. அம்மாவுக்கும் அதே நோய்தான். உறவுக்குள் கல்யாணம் உண்டா என்று கேட்டாள். தாராளமாக உண்டு என்றேன். அப்படிக் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு போடுவார்களாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவள் விளக்கிய விஷயத்தை என் பாஷையில் சொல்கிறேன். உடம்பின் உயிரணுக்களுக்குள் வளரச் சொல்லித் தள்ளுகிற மரபணுக்கள் உண்டு. அவை கெட்டவை அல்ல. குழந்தை வளர்வதும் புண் ஆறுவதும் அவற்றால்தான். கண்டபடி வளராமல் பிடித்து வைக்கிற மரபணுக்களும் உண்டு. அப்படிப் பிடிப்பவற்றில் ஒன்று, உயிரணுவுக்குள் அன்றாடம் விழுகிற கீறல்களை ஒட்டிச் சரிசெய்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று.

"அப்படியானால் ஒரு படகுக்கு இரண்டு வடம்" என்றேன்.

"ஆமாம். உங்களுக்குப் பிறக்கும்போதே ஒன்று அறுந்திருக்கிறது. இன்னொன்று இருக்கும்வரை படகு நிற்கும். ஏதோ ஓர் உயிரணுவில் அதுவும் அறுந்தால், தள்ளுகிறவை தள்ளிக்கொண்டே இருக்கும்."

அறுந்த வடம் அம்மாவிடமிருந்து வந்தது. அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும். தொம்மைக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், காசைச் சுண்டிப் பார்ப்பது போல. பெண்களுக்கு மட்டும் இது போகும் என்று நினைக்காதீர்கள் என்றாள். ஆண் வழியாகவும் அப்படியே போகும். ஆணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாததால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் படத்தில் என் சதுரத்திலிருந்து கீழே ஒரு வட்டம் தொங்கியது. என் மகள் செலின். அந்த வட்டத்துக்குள் ஆலோசகர் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். இருவருக்கும் இந்தக் குறை இருந்து, அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு வடமும் இல்லாமல் போகும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ரத்தம் சரியாக ஊறாது, சிறு வயதிலேயே புற்றுநோய் வரலாம். சாதாரணமாக இப்படி இரண்டு பேர் சந்திப்பது அரிது, ஆனால் ஒரே குடும்பத்துக்குள் கட்டினால் அரிது இல்லை என்றாள். உங்கள் உறவினர்களிடம் நாங்கள் பேச முடியாது, சட்டம் இடம் தராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

அது ஈஸ்டருக்கு அடுத்த வாரம். அன்றே தொம்மையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளுக்கும் சொல், நீயும் ரத்தம் கொடு என்றேன். "சரிண்ணே, பாப்போம்" என்றான்.

3

முதல் ஓலை வாசித்த அன்றே அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். தொம்மை தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் இறக்குகிற இடத்தில் மேஸ்திரி. கத்திப் பேசியே பழக்கம்.

"ஏலே, ஓலை வாசிச்சிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."

"ஆப்பரேசன் பண்ணிக் கெடக்க மனுசன்கிட்ட எதுக்குண்ணே? எல்லாம் முடிவாகட்டும், சொல்லலாம்னு இருந்தேன். ஆயர் இல்லத்துல உறவுத் தடைக்கு அனுமதியும் வாங்கியாச்சு."

அத்தை மகன், மாமன் மகள் என்றால் திருச்சபையில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் குடும்பத்தைப் படமாக வரைந்துதான் கொடுப்பார்கள். இங்கே ஆலோசகர் வரைந்த அதே மரம்.

"நான் சொன்னத அதுகள்ட்ட சொன்னியாலே?"

"அந்தச் சவத்த எதுக்கு இப்ப எடுக்க? அக்கா சாவும்போது என்ன கேட்டா? ஒன் மகள எம் மகனுக்குத் தாலேன்னு கேட்டா. நீ இங்கன இல்ல, ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். அக்கா என்னிடமும் போனில் அதையேதான் சொன்னாள். ஆனால் அவன் காரணம் அது மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவனே சொன்னான். மணப்பாட்டிலிருந்து ஜெனியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். நல்ல குடும்பம், பையன் கப்பலில் இன்ஜினியர். எல்லாம் பேசிப் பூ வைக்கப்போகிற நேரத்தில் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு மார்பில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வெளிய குடுத்தா விசாரிப்பாவ. லியோனுன்னா யாரு விசாரிக்கப்போறா? அவன் அம்மைக்கும் அதுதான், எங்க அம்மைக்கும் அதுதான். மறைக்கதுக்கு ஒண்ணுமே இல்லைலா?"

ஊருக்குத் தெரியக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொடுக்கிறான். இந்த நோய்க்கு இதைவிட வசதி வேறு யாரும் செய்து கொடுக்க முடியாது. அவன் முட்டாளும் அல்ல, கெட்டவனும் அல்ல. மகளை யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று நினைக்கிற தகப்பன்.

எங்கள் வீட்டில் இந்த நோய்க்கு எப்போதும் வேறு பெயர்தான். அம்மாவுக்கு வந்தபோது அப்பா தெருவில் அல்சர் என்று சொன்னார். அம்மா மெலிந்து, ஒரு கை வீங்கி, சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு கோயிலுக்கு வருவாள். பார்ப்பவர்கள் காரம் சாப்பிடாதீங்க என்று புத்தி சொல்வார்கள். அக்காவுக்கு வந்தபோது கர்ப்பப்பைக் கட்டி என்றார்கள். எனக்கு வந்ததைத் தொம்மை ஹெர்னியா என்று சொல்லிவைத்திருக்கிறான். ஊருக்குப் போனால் வழியில் பார்க்கிற அண்ணாச்சிமார்கள் எல்லாரும், கனம் தூக்காதேயும் என்று என் அடிவயிற்றைப் பார்த்துச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

"தொம்மை, ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கட்டும். கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டுக் கட்டட்டும்."

"ரத்தத்துல இருக்குன்னு வந்தா? பெறகு யாரு கட்டுவா? நீ அங்கன இருந்துக்கிட்டு ஈசியா சொல்லுத. நான் இங்கன தெருவுல நடக்கணும்."

போனை வைத்துவிட்டான்.

4

செலின் சனிக்கிழமை வந்தாள். எங்கள் ஒரே மகள். வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். வருவதற்கு முன்னால் வரலாமா என்று செய்தி அனுப்புவாள், போகும்போது நன்றி சொல்வாள், விருந்தாளி மாதிரி. அவளுக்கு என் அம்மாவின் பெயரைத்தான் வைத்தேன், செலஸ்தின். இங்கே பள்ளிக்கூடத்தில் அது செலின் ஆகிவிட்டது. தமிழ் புரியும். பேசச் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் களைத்து டச்சுக்குப் போய்விடுவாள். அந்தப் பாஷையில் அப்பாவையும் நீ என்றுதான் சொல்கிறார்கள். முதலில் சுருக்கென்றிருந்தது, இப்போது பழகிவிட்டது.

என் பரிசோதனை முடிவு வந்ததுமே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உரிமை உண்டு என்று ஆலோசகரே என்னிடம் சொல்லியிருக்கிறாள், மகளை வற்புறுத்தாதீர்கள் என்றும் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ரீத்தா வைத்த மீன் குழம்பு அவளுக்கு ஆகாது, மீனை விட்டுவிட்டாள். தேங்காய்ச் சட்னியைத் தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தவளிடம் ஓலை விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா சொல்ல மாட்டேன் என்கிறான், நான் என்ன செய்ய என்றேன்.

"என்னைப் பரிசோதனை செய்ய வைக்க உன்னால் முடியவில்லை. அதனால் அவர்களைத் துரத்துகிறாய்" என்றாள் டச்சில்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் வயதில் நான் என் அப்பாவிடம் இப்படிப் பேசியிருந்தால் செருப்பு பறந்திருக்கும். ரீத்தா எழுந்து தேவையில்லாமல் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் வேண்டாம்னு இருக்க. அதுகளுக்குத் தெரியவே தெரியாது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

செலின் ரொட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்படியானால் நீ ஏன் இன்னும் சித்தப்பாவிடமே பேசிக்கொண்டிருக்கிறாய்? உடம்பு ஜெனியுடையது. அவளுக்கு போன் இருக்கிறதுதானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை. தகப்பன் இருக்கும்போது மகளிடம் நேரே பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. அவள் தகப்பன் வழியாகத்தான் எல்லாம் போகும், வரும். செலின் புறப்படும்போது வாசலில் நின்று, "எனக்குப் பயமா இருக்குப்பா, அவ்வளவுதான்" என்றாள். இதைத் தமிழில் சொன்னாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

5

இரண்டாம் ஓலை மறுநாள் வாசித்தார்கள். கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வார்த்தை வந்ததும் டிவியை அணைத்தேன். சாமியாரிடம் சொல்லவும் எனக்கு மனம் இல்லை. இது திருச்சபை சொல்லும் தடையும் அல்ல. திங்கட்கிழமை, ஜெனி வேலை முடியும் நேரம் பார்த்து அவளையே கூப்பிட்டேன். பக்கத்து ஊரான ஏரலில் ஒரு நகைக்கடன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவுவது கேட்டது.

"பெரியப்பா! ஒடம்பு எப்படி இருக்கு? ஹெர்னியா தையல் ஆறிட்டா?"

அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

"ஏளா, அது ஹெர்னியா இல்ல" என்று தொடங்கினேன்.

எப்படிச் சொல்லி முடித்தேன் என்று இப்போது நினைத்தால் தெரியவில்லை. வடம் என்றேன், மரபணு என்றேன், பாட்டிக்கும் லூர்து அத்தைக்கும் வந்தது எனக்கும் வந்தது என்றேன். உனக்கு இருக்க வேண்டும் என்று இல்லை என்பதை மட்டும் பல தடவை சொன்னேன். நடுவில் ஒரு பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை.

"லியோனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன்."

"அப்பாக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். ஆனாலும் பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் குடும்பத்துக்கு அது கைவந்த கலை.

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"ஈஸ்டர் கழிஞ்சதுலேர்ந்து."

திருச்செந்தூர், திருச்செந்தூர் என்று ஒருவன் கூவிக்கொண்டே இருந்தான். பிறகு, "வச்சிருதேன் பெரியப்பா" என்றாள்.

அன்று மாலையே தொம்மையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதில் அவன் சொன்ன வார்த்தைகள் அச்சில் ஏறாது. கடைசி வரி மட்டும் சொல்கிறேன்: "நாங்க செத்தாலும் நீ வராத." அதற்குப் பிறகு என் அழைப்பை அவன் எடுக்கவில்லை. ஜெனியும் எடுக்கவில்லை. லியோனுக்கு நான் அனுப்பிய செய்தியை அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது, பதில் இல்லை. அவன் சுங்க ஏஜெண்டு அலுவலகத்தில் இருக்கிறவன், எப்போதும் மாமா என்று பத்து பொம்மைப் படமாவது அனுப்புகிறவன்.

அந்த வாரம் முழுவதும் வேலைக்குப் போனேன், வந்தேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு கை பலம் போதாது என்று என்னை ரேடியோ அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எந்தப் படகு போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பையன்கள் மழையில் வடத்தை இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் தவறான படகைத் தவறான கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருக்கலாமே என்று மேலாளர் அன்பாகச் சொன்னார். வீட்டில் இருந்தால் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று அவரிடம் எந்த மொழியில் சொல்வது?

எல்லாவற்றையும் உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அக்கா கேட்ட ஒரே ஒரு காரியம். பரிசோதனையில் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும், தகப்பன் மறைத்தான் என்பது அந்தப் பிள்ளையின் மனதில் இருக்குமே. தெரிந்துகொள்ளாமல் இருக்க எனக்கும் ஓர் உரிமை கொடுத்திருக்கலாம் என்று ஆலோசகர் மேல் எரிச்சல் வந்தது. அவள் என்ன செய்வாள் பாவம்.

6

மூன்றாம் ஞாயிறு ரீத்தா மீன் வாங்கவில்லை. இரண்டு பேரும் பூசையின் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தோம். பிரசங்கம் நீண்டது. காணிக்கைப் பாட்டு நீண்டது. கடைசியில் அறிவிப்புகள் வந்தன. அன்பியக் கூட்டம், மறைக்கல்வி வகுப்பு, மாதா கெபிக்கு வர்ணம் பூச நன்கொடை. பிறகு ஓலை. யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பெண், அவர்களுக்கு இரண்டாம் ஓலை. இன்னொரு ஜோடிக்கு முதல் ஓலை. சாமியார் தாளை மடித்தார். எழுந்து நிற்போம் என்றார்.

லியோன், ஜெனிபர் பெயர்கள் வரவில்லை.

ரீத்தா அழத் தொடங்கிவிட்டாள். "நின்னு போச்சே, நின்னு போச்சே" என்றாள். நான் அவளைத் தேற்றவில்லை. டிவியில் கூட்டம் கலைந்து, யாரோ மெழுகுவர்த்திகளை அணைத்து, பிறகு காலியான பீடம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெனியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மூன்று கைகள். மூன்றிலும் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. வளையல் போட்டது ஜெனியின் கை. வாட்ச் கட்டியது லியோனுடையது. மூன்றாவது கை கருத்து, ரோமம் அடர்ந்து, மணிக்கட்டில் செபமாலை சுற்றியிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "பெரியப்பா, மதுரைக்குப் போயிட்டு வந்தோம். ரிசல்ட் வர கொஞ்ச நாள் ஆகும். அதுவரை ஓலை வேண்டாம்னு ஃபாதர்ட்ட நாங்கதான் சொன்னோம். என்ன வந்தாலும் நானும் லியோனும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவோம். உங்க மேல கோபம் இல்லை. அப்பா மேலதான், அதுவும் பாதி குறைஞ்சிட்டு."

அந்தப் போட்டோவைச் செலினுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சற்று நேரத்தில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி வந்தது: ஊசி போடும்போது ஜெனிக்குப் பயமாக இருந்ததா? அவளையே கேள் என்று சொல்லி ஜெனியின் எண்ணை அனுப்பினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, இனி வாரா வாரம் கேட்கப்போவதும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தொம்மை கூப்பிட்டான். கோயில் வளாகத்திலிருந்து பேசினான், பின்னால் பிள்ளைகள் சத்தம். நான் என்னலே என்றேன். அவன் கத்தவில்லை. அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, எனக்கு இருந்துச்சுன்னா, நான்தான எம் பிள்ளைக்குக் குடுத்தவன் ஆவேன்?"

"ஏலே, அம்மா நமக்குக் குடுத்தாளா? அவளுக்கே தெரியாது."

"அம்மைக்குத் தெரியாதுண்ணே. எனக்கு ஈஸ்டர்லேர்ந்து தெரியும்லா."

தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க ஒரு மருந்தும் கிடையாது. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஓலை ஏன் வாசிக்கலன்னு கோயில் வாசல்ல கேட்டாவ" என்றான் பிறகு. "ஆதார்ல பேரு தப்பா இருக்குன்னு சொல்லுங்கன்னு ஜெனி அம்மை சொல்லிக் குடுத்துதான் விட்டா."

"சரி. அப்படியே சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. வாய் வரல. எங்க அம்மைக்கும், எங்க அக்காவுக்கும், எங்க அண்ணனுக்கும் மாருல கேன்சர் வந்துச்சு, அதான் பிள்ளைகளுக்கும் எனக்கும் ரத்தம் பாக்கக் குடுத்திருக்குன்னு சொல்லிட்டேன். ஒனக்கு ஹெர்னியான்னு சொன்னது பொய்யின்னும் சொல்லிட்டேன்."

எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை வாசலுக்கு வெளியே சொன்னதில்லை. அப்பா சாகும்வரை அல்சர் என்றுதான் சொன்னார்.

"என்னலே சொன்னாவ?"

"ஆம்பளைங்க ஒண்ணும் சொல்லல, பைக்க எடுத்துட்டுப் போயிட்டாவ. ரெண்டு பொம்பளைங்க மட்டும் கூட்டம் போறவரைக்கும் நின்னாவ. பெறகு பக்கத்துல வந்து, மதுரையில எந்த இடம், எந்த பஸ்ல போகணும்னு கேட்டாவண்ணே."